மெக்கானிக் பெயரைச் சொல்லி

எங்கள் தெருவில் அவரை ஸ்போக்கு என்றுதான் கூப்பிடுவோம். ஆளும் ஸ்போக்குக் கம்பி மாதிரித்தான் இருப்பார். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கோணிப்போன சக்கரத்தைக் கோட்டம் எடுத்துச் சுற்றிவிட்டால், அது நிற்கிறதா ஓடுகிறதா என்று சந்தேகம் வரும்படி சுற்றும். அவர் கடைக்கு நேரெதிரே என் ஜெராக்ஸ் கடை. கூட்டமில்லாத நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கதையை அவர் ஒரே மூச்சில் எனக்குச் சொல்லவில்லை. பஞ்சர் ஒட்டிய பசை காய்கிற நேரங்களில் துண்டு துண்டாகச் சொன்னார். சேர்த்து வைத்தது நான்.

ஸ்போக்கின் மனைவிக்கு ஓர் அண்ணன். அவர்கள் போகிற கிறிஸ்தவ சபையில் வெளிநாட்டு ஊழியத்துக்கு அவர்தான் தலைவர். வருஷத்துக்கு ஒருமுறை குழுவைத் திரட்டிக்கொண்டு கடல் கடந்து போவார். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுத்துவிட்டு வருவார். திரும்பி வந்ததும் சபையில் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். தரையில் தவழ்ந்து வந்த மனிதர்கள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து சிரிக்கிற படங்கள். ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்த்து ஸ்போக்கு அழுவார். பக்கத்தில் இருப்பவர் கைக்குட்டை கொடுக்கும் அளவுக்கு அழுவார்.

மச்சான்மேல் அவருக்கு இருந்த மதிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. பெண் கேட்டுப் போன காலத்தில் அந்த வீடே எதிர்த்தது. சைக்கிள் கடைக்காரனுக்கா கொடுப்பது என்று பெரியப்பா சித்தப்பா எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "அவர் கையிலதான் கிரீஸ் இருக்கு, மனசுல இல்ல" என்று சொல்லித் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுத்தவர் இந்த அண்ணன். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஸ்போக்கு அவருக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருந்தார்.

அப்படிப்பட்ட மச்சான் ஒரு நாள் கடைக்கே வந்து, "மாப்பிள்ளை, இந்தத் தடவை நீங்களும் வாங்க. நாற்காலியை ஆளுக்கேத்த மாதிரி பொருத்திக் கொடுக்கக் கைவேலை தெரிஞ்ச ஒருத்தர் வேணும்" என்றார். ஸ்போக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்பேனர்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். எதிர்க்கடைக்காரன் என்ற முறையில் கடைச் சாவியை என்னிடம் கொடுக்கும்போது, "நம்மள மாதிரி ஆளுக்கும் அங்க ஒரு வேலை இருக்கு பாருங்க" என்று நாலு தடவை சொன்னார்.

போன ஊர் புழுதியும் வெயிலுமான ஊர். சந்தையை ஒட்டி ஒரு பெரிய தகரக் கொட்டகை. அதற்குள் நாற்காலிகள் பிளாஸ்டிக் தாள் சுற்றி அடுக்கியிருந்தன. குழுவில் மச்சான், ஒரு நர்ஸ் அம்மா, பாட்டு டீச்சர், படம் எடுக்கிற தம்பி, இன்னும் சிலர். அந்த ஊர்ப் பாஷையை நம் பாஷையில் சொல்ல வேன் டிரைவர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் நம் நாட்டுக்குக் கட்டட வேலைக்கு வந்து பல வருஷம் இருந்துவிட்டுப் போனவர். பேச்சு கொச்சையாக இருந்தாலும் விஷயம் விளங்கும்.

முதல் நாளே ஸ்போக்கு ஒன்றைக் கவனித்தார். சீட்டெல்லாம் புத்தம்புதுப் பச்சை ரெக்சின். ஆனால் சில நாற்காலிகளில் டயர் ஓரம் தேய்ந்திருந்தது. கேட்டதற்கு மச்சான், "பழசை வாங்கிப் புதுப்பிச்சது மாப்பிள்ளை. அதனாலதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

அதற்கப்புறம் அவருக்குத் தலை நிமிர நேரமில்லை. ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே சாண்போட்டு அளந்து, கால் பலகையை ஏற்றி இறக்கி, பிரேக்கை இறுக்கி, முன்னாலுள்ள சின்னச் சக்கரம் தடுமாறாமல் திரும்புகிறதா என்று தள்ளிப் பார்த்து அனுப்புவார். முதுகு வளைந்த ஒருவருக்குச் சாய்மானத்தை மாற்ற அரை நாள் பிடித்தது. "ஒருத்தருக்கே இவ்வளவு நேரமா?" என்று படம் எடுக்கிற தம்பி சலித்துக்கொண்டான். "சட்டை தைக்கிறவன் அளவெடுக்காம தைப்பானா?" என்று கேட்டுவிட்டு ஸ்போக்கு குனிந்துகொண்டார்.

வழங்கும் விழாவன்று ஒரு பெண்மணி வந்தார். சந்தையில் நூலும் ஊசியும் பொத்தானும் விற்பவர். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பேரிங்கையே சக்கரமாக நாலு மூலையிலும் வைத்த பலகையில் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் மரக்கட்டையைப் பிடித்துத் தரையை உந்தி உந்தித்தான் நடமாடுவார். ஸ்போக்கு அவரை நூலம்மா என்றே எனக்குச் சொல்வார், பெயர் வாயில் நுழையவில்லையாம். நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்ததும் நூலம்மா சிரிக்கவில்லை. கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். டிரைவரிடம் ஏதோ கேட்டார்.

"எத்தனை நாளைக்குன்னு கேக்குது" என்றார் டிரைவர்.

ஸ்போக்குக்குச் சிரிப்பு வந்தது. "இது என்ன வாடகை சைக்கிளா? ஆயுசுக்கும் அவங்களுதுன்னு சொல்லுங்க. நான் சொல்றேன்னு சொல்லுங்க."

டிரைவர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் ஸ்போக்குக்கு அப்போது புரியவில்லை.

அந்த நாற்காலியில் வலது கால் பலகைக்கு வைத்திருந்த போல்ட் கொஞ்சம் குட்டை. நாளாக நாளாக ஆடும். ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது, சந்தையில் பழைய இரும்புக் கடை ஒன்றில் சரியான நீளத்தில் ஒரு போல்ட் கிடைத்தது. டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, டிரைவரையும் இழுத்துக்கொண்டு நூலம்மா வீட்டுக்குப் போனார். டிரைவர் வர மனசில்லாமல் வந்தார். "எதுக்கு சார், அது ஓடும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒற்றை அறை. வாசலில் சாக்கு விரித்து, நூற்கண்டுகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார் நூலம்மா. உட்கார்ந்திருந்தது பழைய பலகையில்.

"நாற்காலி எங்க?" என்றார் ஸ்போக்கு. வெயிலில் விடாமல் உள்ளே வைத்திருக்கிறார் போல என்று எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கட்டிலும் அடுப்பும்தான் இருந்தன.

நூலம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபமாக எதுவும் பேசவில்லை. ஏதோ ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

"என்ன சொல்றாங்க? சொல்லுங்க!"

டிரைவர் தரையைப் பார்த்துச் சொன்னார்: "ரிப்பேர் முடிஞ்சுதான்னு கேக்குது. விழா முடிஞ்ச சாயங்காலமே நம்ம ஆளுங்க வந்து எடுத்துட்டாங்க. பிரேக் சரியில்ல, மெக்கானிக் சார் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்னு சொன்னாங்க. உங்க பேரைச் சொன்னதால குடுத்துடுச்சு."

"நான் எப்பச் சொன்னேன்?"

"நீங்க சொல்லல சார்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

ஸ்போக்கு அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். 'வேற எதைச் சொல்லி எடுத்திருந்தாலும் பரவாயில்லை' என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். 'திருடிட்டுப் போயிருந்தாலும் சரி. நான் பார்த்துப் பார்த்து இறுக்கின பிரேக் சரியில்லைன்னு, நானே சொன்னதா சொல்லிட்டாங்களே.'

நூலம்மா மெதுவாக இன்னும் கொஞ்சம் பேசினார். அன்றைக்கு அந்த நாற்காலியில் சந்தை வழியாக வீட்டுக்கு வந்தாராம். எதிரே வருகிறவர்களின் முழங்காலையே பார்த்துப் பழகியவர், அன்றுதான் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். தினமும் நூல் வாங்குகிற ஒருத்திக்குக் கன்னத்தில் பெரிய மச்சம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்ததாம். இதைச் சொல்லும்போது மட்டும் நூலம்மா சிரித்தார்.

கொட்டகைக்குத் திரும்பியபோது அங்கே லாரி நின்றது. நாற்காலிகளுக்கு மறுபடி பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தான் சாய்மானம் மாற்றிய நாற்காலியை அவருக்கு அடையாளம் தெரிந்தது. கால் பலகைகளை எல்லாம் பழையபடி ஒரே அளவுக்கு இறக்கி வைத்திருந்தார்கள்.

மச்சான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்போக்கைப் பார்த்ததும், "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்றார்.

"மச்சான், என்ன இது?"

மச்சான் போனை வைத்தார். எழுந்து வந்து தோளில் கை போட்டார். "டிரைவர் வாயை விட்டுட்டானா? சரி, உட்காருங்க. உங்களுக்கு நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நாம கிளம்பினதும் இங்க இருக்கற நம்ம ஆளுங்க பக்கத்து ஊர்லயும் விழா வைப்பாங்க. அங்கயும் ஜனங்க காத்துட்டிருக்காங்க. அதுக்கப்புறம் இன்னொரு ஊர். கடைசி ஊர்ல விட்டுடுவாங்க. யாரோ ஒருத்தருக்குக் கிடைக்குதா இல்லையா?"

"அப்ப இங்க இருக்கறவங்க?"

"மாப்பிள்ளை, நம்மகிட்ட இருக்கறது இவ்வளவுதான். ஆனா படத்தைப் பார்த்துத்தான் நம்ம ஜனங்க மருந்துக்குக் குடுக்கறாங்க, பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கறாங்க. படம் நின்னா எல்லாம் நின்னுடும். நர்ஸ் அம்மா கொடுக்கற மாத்திரை எங்கிருந்து வருது? யோசிச்சுப் பாருங்க."

"என் பேரை ஏன் சொன்னீங்க?"

அதற்கு மச்சான் சிரித்தார். சின்னப் பிள்ளை கேள்வி கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "உங்க மேல அவங்களுக்கு நம்பிக்கை வந்துடுச்சு மாப்பிள்ளை. போன வருஷம் திருப்பி வாங்கறதுக்குள்ள ஒரே அழுகை, சண்டை. இந்தத் தடவை ஒருத்தர் ஒரு வார்த்தை பேசல. அது உங்களுக்குப் பெருமைதானே?"

ஸ்போக்கு தோளில் இருந்த கையை எடுத்துக் கீழே விட்டார். வாழ்க்கையில் மச்சானிடம் அவர் காட்டிய முதல் எதிர்ப்பு அதுதான்.

மறுநாள் காலை, எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, லாரியில் இன்னும் ஏற்றாத நாற்காலிகளிலிருந்து நூலம்மாவுடையதைத் தேடி எடுத்தார். தெரு வழியாகத் தள்ளிக்கொண்டே போனார். யாரும் தடுக்கவில்லை. மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவதில் என்ன அதிசயம்? கொஞ்ச தூரம் போனதும் பின்னால் வேன் சத்தம் கேட்டது. டிரைவர்தான். வேனை ஓரங்கட்டிவிட்டுக் கூடவே நடந்தார்.

ஆனால் நூலம்மா அந்த நாற்காலியைத் தொடவே இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். 'நீங்கள் போனதும் மறுபடி வருவார்கள். ஒரு தடவை கொடுத்தாயிற்று. இன்னொரு தடவை என்னிடமிருந்து எடுக்க வேண்டாம்' என்று சொல்லச் சொன்னாராம்.

ஆயுசுக்கும் என்று வாயால் சொன்னவர் ஸ்போக்குதானே. நாற்காலியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பலகையின் அடியில் இருந்த பேரிங்குகள் தேய்ந்து, ஒன்று சுற்றவே இல்லை. அதை இழுத்துக்கொண்டுதான் அந்த அம்மா சந்தைக்கும் வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தார்.

"பலகையை யாராவது கேட்பாங்களா?" என்றார் ஸ்போக்கு டிரைவரிடம்.

"அதை யார் சார் கேப்பாங்க?"

"அப்ப இன்னொரு நாற்காலியும் வேணும். போய் எடுத்துட்டு வாங்க. மெக்கானிக் சார் சொன்னார்னு சொல்லுங்க."

டிரைவர் வாயெல்லாம் பல்லாகப் போய், வேனில் இன்னொரு நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம், ஒருத்தர் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

இரண்டு நாற்காலிகளிலிருந்தும் முன் சக்கரங்களை, அவற்றைப் பிடித்திருக்கிற ஃபோர்க்குக் கம்பியோடு கழற்றினார். தெருமுனைத் தச்சரிடம் துளைபோடும் கருவி வாங்கி, பலகையின் நாலு மூலையிலும் துளை போட்டு ஏற்றினார். பின்னால் இரண்டும் திரும்பாதபடி இறுக்கி, முன்னால் இரண்டையும் திரும்ப விட்டார். பலகை உயர்ந்துவிட்டதால் நூலம்மாவின் கைக்கட்டைகள் தரைக்கு எட்டவில்லை. தச்சர் தானாகவே இரண்டு உயரமான கட்டைகளை அறுத்து, கை பிடிக்கிற இடத்தை வழவழப்பாக இழைத்துக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு பட்டையும் அடித்தார், நூல் பெட்டி விழாமல் இருக்க.

நூலம்மா ஏறி உட்கார்ந்து ஒரே உந்து. பலகை தெருவின் பாதிவரை போய்விட்டது. பயந்துபோய்ச் சத்தம் போட்டார். அப்புறம் திரும்பி வந்தார். மறுபடி போனார். இந்தத் தடவை சத்தமில்லை. சக்கரமும் சத்தமில்லாமல் ஓடியது.

முன் சக்கரம் இல்லாத நாற்காலிகள் இரண்டும் மூக்கு குத்திக்கொண்டு வாசலில் கிடந்தன. ஸ்போக்கு அவற்றை வேனில் ஏற்றிக் கொட்டகையில் இறக்கிவைத்துவிட்டு, டூல் பாக்ஸை மூடினார். மச்சான் பார்த்தார். முகம் கறுத்தது. ஆனால் குழுவே நிற்கிறது. படம் எடுக்கிறவனும் நிற்கிறான். "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

விமான நிலையத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளும் மச்சான் பையில்தான் இருந்தன. வரும்போது 'தொலைஞ்சிடப் போகுது, நான் பார்த்துக்கறேன்' என்று வாங்கி வைத்துக்கொண்டவர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஸ்போக்கின் முறை வந்தபோது பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படிக் கேட்டார்: "மாப்பிள்ளை, டூல் பாக்ஸுல நம்ம ஊழியத்துச் சாமான் எதுவும் இல்லையே? சோதனை போட்டா எல்லாருக்கும் அசிங்கம்."

ஸ்போக்கு நடுத்தரையில் டூல் பாக்ஸைத் திறந்து காட்டினார். ஸ்பேனர், திருப்புளி, எண்ணெய்க் குப்பி, அந்த நீளமான போல்ட். நர்ஸ் அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "சும்மா கேட்டேன், கோச்சுக்காதீங்க" என்று மச்சான் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். அப்புறம் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் மச்சானின் கை ஸ்போக்கின் தோளில் இருக்கிறது. அந்தப் படத்தை நானே சபை வாசலில் பார்த்திருக்கிறேன்.

விமானத்தில் அவருக்கு நடு இருக்கை. ஜன்னல் ஓரம் பாட்டு டீச்சர். விளக்குகளைக் குறைத்த பிறகு டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் போன வருஷமே தெரியும்ண்ணே."

"என்ன தெரியும்?"

"கடைசி ஊர்லயும் விட மாட்டாங்க. கிடங்குல போட்டுப் பூட்டிடுவாங்க. போன வருஷம் சீட்டு நீலம். இந்த வருஷம் பச்சை. உறையை மட்டும் மாத்தறாங்க. நாற்காலி அதேதான்."

சபையில் அவர் அழுதுகொண்டே பார்த்த படங்கள் எல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒரே நாற்காலியைப் பார்த்துத்தான் வருஷா வருஷம் அழுதிருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏன் மறுபடி வந்தீங்க?"

"மாத்திரை நிஜம்தானேண்ணே. பள்ளிக்கூடமும் நிஜம். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றேன்" என்றார் டீச்சர். கொஞ்ச நேரம் கழித்து, "என் பேரை எங்கயும் சொல்லிடாதீங்க" என்று கும்பிட்டார்.

பாதி வழியில் மச்சான் நடைபாதையில் வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். போர்வை ஒன்றை மாப்பிள்ளையின் மடியில் போட்டார். "குளிருது, போத்திக்கங்க. நமக்குள்ள நடந்தது நமக்குள்ள இருக்கட்டும். என் தங்கச்சி மனசு தாங்காது" என்றார் மெதுவாக. மிரட்டினாரா, கெஞ்சினாரா என்று இன்றுவரை ஸ்போக்குக்குத் தெரியாது. போர்வையை மடித்துக் காலடியில் வைத்தார். குளிரிலேயே வந்து சேர்ந்தார்.

வெளியே சபையார் கூட்டமாக நின்றிருந்தார்கள். கைதட்டல். முன்வரிசையில் ஸ்போக்கின் மனைவி. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து முதலில் அண்ணன் கையில் இருந்த பையைத்தான் வாங்கினார். அப்புறம்தான் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஸ்போக்கு, "உன் அண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"சக்கரத்தைக் கழட்டி யாருக்கோ குடுத்துட்டீங்களாமே" என்றார் மனைவி.

"போன் பண்ணிட்டாரா?"

"நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே."

"ஏன் கழட்டினேன்னு சொன்னாரா?"

மனைவி பெட்டியைத் திறந்து அழுக்குத் துணிகளைத் தனியாக எடுக்க ஆரம்பித்தார். நாற்காலிகளைத் திருப்பி எடுத்ததை ஸ்போக்கே விளக்கமாகச் சொன்னார். நூலம்மா, போல்ட், மெக்கானிக் சொன்னார் என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். மனைவி ஒரு தடவைகூட 'அப்படியா' என்று கேட்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

கையில் இருந்த சட்டையை மனைவி மடித்தார். அழுக்குச் சட்டையை யாராவது மடிப்பார்களா?

"கேக்கறேன்ல?"

"ரெண்டு வருஷமாத் தெரியும். அண்ணன் ஒருநாள் மனசு கேக்காம சொன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

"தெரிஞ்சுதான் என்னை அனுப்பினியா?"

"அந்த ஸ்பேனரை எல்லாம் கழுவித் துடைச்சீங்க பாருங்க, அன்னிக்கு உங்க முகத்தைப் பார்த்தேன். கல்யாணம் ஆனதுலேருந்து உங்களை அப்படிப் பார்த்ததில்ல. அதை நான் எப்படிங்க கெடுப்பேன்?" என்று மனைவி அழுதார்.

ஸ்போக்கு அழவில்லை. மச்சான் ஏமாற்றினார் என்று தெரிந்தபோது அவருக்குக் கோபம் வந்தது. இதற்குக் கோபம்கூட வரவில்லையாம். சோற்றில் கல் கடித்தால் துப்பலாம்; சோறே கல்லாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார் என்னிடம். நான் ஜெராக்ஸ் எடுக்க வந்தவருக்குச் சில்லறை கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் படம் போட்டார்கள். குழுவில் போனவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, அங்கே கண்டதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். மச்சான் ஸ்போக்கைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார் என்றுதான் குழுவில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 'மெக்கானிக் மாமா எங்கே, மெக்கானிக் மாமா எங்கே' என்று பிள்ளைகள் கத்த, கூப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஸ்போக்கு மேடையேறி மைக்கைப் பிடித்தார். பேசிப் பழக்கமில்லாதவர். "படத்துல இருக்கற எல்லா நாற்காலியையும் நான்தான் பொருத்தினேன்" என்றார். கைதட்டினார்கள். "அதுல ஒண்ணுகூட இப்ப அவங்ககிட்ட இல்ல. அன்னிக்கு சாயங்காலமே திருப்பி வாங்கிட்டாங்க. நான் வாங்கச் சொன்னதா சொல்லி வாங்கிட்டாங்க. நான் சொல்லல. இதான் என் சாட்சி."

சபையில் யாரோ இருமினார்கள். மச்சான் எழுந்திருக்கவில்லை, பதறவில்லை. பாட்டுக்குழு இருந்த பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார். அவ்வளவுதான். பாட்டு டீச்சர் பாட ஆரம்பித்தார். குழு சேர்ந்துகொண்டது. பழக்கப்பட்ட பாட்டு, சபையும் எழுந்து நின்று பாடியது. ஸ்போக்கு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மைக்கில் அவர் குரலும் பாட்டோடு கலந்து, கூடச் சேர்ந்து பாடுகிறார் என்று கடைசி வரிசையில் இருந்தவர்கள் நினைத்தார்களாம்.

டீச்சர் பாடும்போது கண்களை மூடிக்கொண்டிருந்தார். பக்தியில் மூடியதாக இருக்கும் என்று நான் சொன்னேன். "இருக்கும்" என்றார் ஸ்போக்கு.

அதற்கப்புறம் அவர் சபைக்குப் போகவில்லை. பயணக் களைப்பில் மனசு கொஞ்சம் குழம்பிவிட்டது என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அனுதாபத்தோடுதான் பேசிக்கொண்டார்கள். கடைக்கு வருகிற சிலர் குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். சைக்கிள் நன்றாக இருக்கிறது என்று அவர் பதில் சொல்வார்.

மனைவி மட்டும் ஞாயிறுதோறும் போனார். ஆராதனை முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்புவார். "அவர் என் அண்ணன்ங்க. அவரையும் விட்டுட்டு நான் எங்க போக?" என்று கேட்டாராம். ஒரே வீட்டில் இரண்டு பேரும் வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள். உப்பு வேண்டுமா, தண்ணீர் வந்ததா, இவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வருஷம் மறுபடி குழு கிளம்பியது. மச்சான் விடுவாரா? அடுத்த தெருவில் மோட்டார் சைக்கிள் வேலை பார்க்கிறவர் ஒருவர், சபைக்குப் புதிதாக வந்தவர், பிள்ளைகுட்டிக்காரர். அவரைப் பிடித்துவிட்டார். கிளம்புவதற்கு முன்னால் அவர் ஸ்போக்கின் கடைக்கு வந்து, எந்தெந்த ஸ்பேனர் தேவைப்படும் என்று கேட்டார். ஸ்போக்கு ஸ்பேனர் அளவுகளைச் சொன்னார். அப்புறம் நடந்த கதையையும் சொன்னார், ஒளிக்காமல். வந்தவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படியெல்லாம் இருக்காதுண்ணே. உங்களுக்கு அப்ப உடம்பு சரியில்லன்னு சொன்னாங்களே" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்த பிறகு அவர் எங்கள் தெரு வழியாகப் போவதைத் தவிர்த்தார். பல வாரம் கழித்து ஒரு மத்தியானம், கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்போக்கின் மனைவியும் அப்போதுதான் வந்து நின்றார்.

"என் பேரைச் சொல்லித்தாண்ணே எடுத்தாங்க" என்றார் வந்தவர்.

ஸ்போக்கு 'அன்றைக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. கையைத் துடைத்துவிட்டு, டீ சொல்லச் சொல்லி என்னைப் பார்த்துச் சைகை காட்டினார். நான் மூன்று டீ சொன்னேன். அவர் மனைவி தூக்கைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தார். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததை எல்லாம் சொன்னார்.

அந்த ஞாயிறும் மனைவி சபைக்குப் போனார். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டாராம். ஏன் என்று ஸ்போக்கு கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தட்டைப் போட்டு இரண்டு பேருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

"அப்ப சமாதானம் ஆயிட்டீங்கன்னு சொல்லுங்க" என்றேன் நான்.

ஸ்போக்கு ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் எங்கே உரசுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சமாதானம் எல்லாம் இல்ல" என்றார். "சாப்பாடு தொண்டையில இறங்குது. இப்போதைக்கு அவ்வளவுதான்."